அழுகாச்சிக்கு வைத்த வால்வு

அந்த டப்பிங் ஸ்டுடியோவில் அவளுக்கு அழுகாச்சி என்று பெயர். திரையில் எந்தக் கதாநாயகி அழுதாலும் குரல் இவளுடையது. விம்மல், தேம்பல், ஒப்பாரி, அழக்கூடாது என்று அடக்கி அடக்கி அழுவது என்று எதைக் கேட்டாலும் கொடுப்பாள். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துவாள். வீட்டில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. கூலி இல்லாமல் அழுவது தொழிலுக்குச் செய்யும் துரோகம் என்று நினைத்தாளோ என்னவோ.

அதனால் ஒருநாள் மூச்சு வாங்கி, படுக்க முடியாமல், ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோதும் அவள் அழவில்லை. நாள் முழுக்க விம்முகிறவளுக்கு மூச்சு வாங்காமல் என்ன செய்யும் என்று அதுவரை சும்மா இருந்திருக்கிறாள். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. ஊசி போட்டு அதை வெளியே எடுத்தார்கள்.

அவளுக்கு இருந்த லூபஸ் என்ற நோய்க்குப் பல வருடமாக வைத்தியம் பார்த்து வந்த மூட்டு டாக்டரம்மா கட்டில் ஓரமாக வந்து நின்றார்.

"உங்க உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரங்களே உங்களை அடிக்கிறாங்கன்னு அப்பவே சொன்னேன்ல? இத்தனை நாள் மூட்டோட நின்னாங்க. இப்ப இதயத்துக்கு வந்துட்டாங்க."

"வேலியே பயிரை மேயுதுன்னு சொல்லுங்க," என்றார் அவள் கணவர். பஸ் டிரைவர். அவர் ஒரு வாரத்துக்குப் பேசுகிற பேச்சு அது.

நரம்பு வழியாக ஸ்டீராய்டு இறங்கியது. மூச்சு கொஞ்சம் அடங்கியது, முகம் உப்பியது. பார்க்க வந்த நாத்தனார் வாயெல்லாம் பல்லாக, "ஆஸ்பத்திரி சாப்பாடு ஒத்துக்கிச்சு போல அண்ணி! கன்னம் ரெண்டும் எப்படிப் பூரிச்சுப் போச்சு!" என்றாள். நாலு வாய்க்கு மேல் இறங்காதவள் அதையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

நீர் போய்விட்டது, வால்வு போகவில்லை. இதய வால்வு ஒன்றில் மரு மருவாக ஏதோ வளர்ந்து, அது சரியாக மூடாமல் ரத்தம் பின்பக்கமாக ஒழுகியது. மாற்றியே ஆக வேண்டும் என்றார் அறுவை டாக்டர். உடனே கூடாது என்று டாக்டரம்மா குறுக்கே நின்றார். "எரியிற வீட்டுல கதவு மாத்த முடியாது. முதல்ல தீ அணையட்டும்." தீ அணைய மாதக்கணக்கானது. அவள் கைப்பிடி மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு, சந்திரன் மாதிரி முகத்தோடு வீட்டில் காத்திருந்தாள்.

தீ அணைந்த பிறகு அறுவை டாக்டர் மேஜைமேல் இரண்டு வால்வுகளை வைத்தார். புடவைக் கடைக்காரர் தோற்றார்.

"இது விலங்குத் திசு. சத்தமே இருக்காது. ஆனா உங்க வயசுக்கும் வியாதிக்கும் சீக்கிரம் கெட்டுப்போகும், மறுபடி நெஞ்சைத் திறக்கணும். இது உலோகம். ஆயுசுக்கும் உழைக்கும். ரத்தம் உறையாம இருக்க தினமும் மாத்திரை போடணும். இந்த வியாதியில உங்க ரத்தம் சும்மாவே உறையிற ரத்தம், எப்படியும் அந்த மாத்திரை உங்களுக்கு உண்டு. இன்னொண்ணு, இது கொஞ்சம் டிக் டிக்னு கேக்கும்."

"எவ்வளவு தூரத்துக்குக் கேக்கும்?" என்றாள்.

டாக்டரிடம் இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "பக்கத்துல படுக்கிறவருக்குக் கேக்கலாம்," என்றார்.

"எனக்குப் பரவால்ல," என்றார் டிரைவர்.

அவள் டிரைவரைப் பற்றி நினைக்கவே இல்லை. அவள் நினைத்தது மைக்கை. கொசு கொட்டாவி விட்டாலும் பதிவு செய்கிற மைக், அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நிற்கும். நெஞ்சில் கடிகாரத்தோடு போய் அதன் முன்னால் நின்றால் அத்தோடு பிழைப்பு முடிந்தது. அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அவளுக்குப் பிடித்ததும் அது ஒன்றுதான்.

"சத்தமில்லாததையே வையுங்க," என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் டிரைவர் நின்றார். பிறகு, "சத்தம் போடுற வண்டிய நம்பலாம். சத்தமில்லாம ஓடுறதுதான் எப்ப நிக்கும்னு தெரியாது," என்றார்.

"மைக்குக்குக் கேட்டுடும்ங்க. அப்புறம் யாரு என்னைக் கூப்பிடுவா?"

"கேட்டா கேக்கட்டும். இன்னொரு தடவ உன் நெஞ்சத் திறப்பாங்க, நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கணுமா? என்னால முடியாது. பயமாருக்கு."

பயமாயிருக்கிறது என்று அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடு திரும்பப் போய் உலோகத்துக்குக் கையெழுத்துப் போட்டாள்.

தேறி எழுந்து ஸ்டுடியோவுக்குப் போனபோது, வயிற்றில் சின்ன ஆபரேஷன் என்று சொல்லிவைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இதற்கு அது தேவலை. பூசணிக்காய் டிக் டிக் என்று அடிக்காது.

முதல் நாளே சவுண்ட் இன்ஜினியர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கூரையைப் பார்த்தான். "அக்கா, ஏதோ டிக் டிக்னு கேக்குதே?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே தம்பி."

நடையில் இருந்த கடிகாரத்தை இறக்கினார்கள். இன்ஜினியர் தன் வாட்சைக் கழற்றிக் காருக்குள் வைத்துப் பூட்டினான். ஏசியை நிறுத்தினார்கள், எல்லோரும் வியர்த்து வழிந்தார்கள், டிக் டிக் நிற்கவில்லை. மரப்பலகைக்குள் வண்டு இருக்கும் என்று ஒரு கட்சி கிளம்பியது. அழுகாச்சியும் சுவரில் காதை வைத்து வண்டைத் தேடினாள். ஏசி மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, "தண்ணி ஒழுகுது. ஆனா அது சத்தம் போடாது," என்று நியாயமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் முதலாளி வந்தார். மெஷினில் கோளாறு இல்லை, ஏசியில் கோளாறு இல்லை, ஆகவே கோளாறு இன்ஜினியரின் காதில்தான் என்று முடிவு கட்டினார். "நாளைலேருந்து வேற ஆள் வருவாரு. நீ போய்க் காதைக் காட்டு."

அவன் வயர்களைச் சுருட்டத் தொடங்கினான். அவளுடைய விம்மல் ஒவ்வொன்றையும் பொத்திப் பொத்திப் பதிவு செய்தவன். அவள் மைக் பக்கமாக நடந்தாள்.

"தம்பி, ஹெட்ஃபோன மாட்டு."

மைக் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு கதவு வரை பின்னால் போனாள். பிறகு மறுபடி மைக்குக்கு வந்தாள். அவன் முகம் போன போக்கிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது.

"வாட்ச முழுங்கிட்டீங்களா அக்கா?"

சொன்னாள். லூபஸ், நீர், மரு, உலோகம் எல்லாவற்றையும். முதலாளி இன்ஜினியரிடம், "சுருட்டின வயரப் பிரி," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். போகிற வழியில் கடிகாரத்தைத் திரும்ப மாட்டச் சொன்னார். இனி தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று அவள் கைப்பையை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்று இன்ஜினியர் கத்தினான். "என்னக் காதக் காட்டச் சொன்னாரு, நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. வண்டு வேற தேடுறீங்க! தலகாணி ஏதாச்சும் மார்ல கட்டுங்க. மைக்க மேல தூக்குறேன். பேசுறப்ப தெரியாது, நடுவுல வந்தா வெட்டிக்கிறேன். செத்ததுக்கு அப்புறந்தான் பிரச்சன."

"எனக்கா?"

"கதாநாயகிக்கு."

கதாநாயகி கடைசிக் காட்சியில் செத்துப்போகிறாள். கடைசி வார்த்தைக்குப் பிறகு நீண்ட அமைதி வேண்டும், அந்த அமைதியையும் பதிவு செய்தாக வேண்டும். செத்தவள் நெஞ்சு டிக் டிக் என்று அடித்தால் படம் பார்க்கிறவன் எழுந்து போய்விடுவான். அதற்கும் ஒரு வழி சொன்னான். "செத்த உடனே சத்தமில்லாம வெளிய போயிடுங்க. கதவ மட்டும் சாத்தாதீங்க, தாழ்ப்பாள் சத்தம் போடும்."

அந்தச் சாவைப் பதிவு செய்த அன்று டிரைவருக்கு விடுமுறை. மாத்திரையும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவள் மார்பில் தலையணையைக் கட்டிக்கொண்டு செத்தாள். பிரமாதமான சாவு. பிறகு செருப்பில்லாத காலோடு பூனை மாதிரி வெளியே வந்து, கதவை ஒருக்களித்து விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

உள்ளே அவள் இல்லாத அமைதி பதிவாகிக்கொண்டிருந்தது. வெளியே அவளுக்கு அவள் நெஞ்சு கேட்டது. டிக். டிக். இத்தனை நாளும் அதை ஒரு எதிரி மாதிரிதான் அவள் கேட்டுவந்தாள். இப்போது கேட்டபோது, நான் சாகவில்லை என்பது முதல் தடவையாக அவளுக்கு உறைத்தது. அழுகை வந்துவிட்டது.

தொழிலில் அழுகிற அழுகை இல்லை அது. ராகமும் இல்லை, அளவும் இல்லை. குளிர்காலத்துக் காலையில் ஸ்டார்ட் ஆகாத பஸ் மாதிரி இருந்தது. வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. டிரைவர் பதறி எழுந்து அவள் தோளைப் பிடித்தார்.

உள்ளேயிருந்து இன்ஜினியர் எரிச்சலோடு கத்தினான். "யாருப்பா அது வெளிய? கொஞ்சம் வாய மூடுங்க! இங்க ஒருத்தங்க இப்பதான் செத்திருக்காங்க!"

"சாகல தம்பி," என்றார் டிரைவர் கதவிடுக்கு வழியாக. "இங்கதான் இருக்கா."

அந்தப் பதிவு வீணாகிவிட்டது. அவள் மூக்கைச் சிந்திவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மறுபடி சாக உள்ளே போனாள்.