பேர் எழுதிய நாற்காலி

மகள் சந்தியாவின் போன் வந்தபோது செந்தமிழ்ச்செல்வி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அத்தையும் மாமாவும் கரியாலூர் போய்ட்டு வரச்சொல்ல கார் சின்னசேலத்துல நின்னுபோச்சாம். மெக்கானிக் காலையிலதான் ஆவும்ன்றான். நைட்டு நம்ம வூட்லதான் தங்கப்போறாங்க. ஆட்டோ ஏறிட்டாங்க. அத்தைக்கு முட்டிவலி, கீழ உக்காரவே முடியாது, பாத்துக்க."

கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி வீட்டார் முதல்முறையாக ராத்தங்க வருகிறார்கள். பெண் கொடுக்கும்போது, "நீங்க வந்தா தங்கறதுக்குத் தனி ரூமே இருக்குதுங்க" என்று இவள் பெருமையடித்திருந்தாள். பொய்யில்லை, ரூம் இருந்தது. இப்போது அதில் மக்காச்சோள மூட்டைகள் குடியிருந்தன.

அவளும் புருஷன் மாயவனும் மூச்சிரைக்க மூட்டைகளைக் கொட்டகைக்கு இழுத்தார்கள். கடைசி மூட்டையை நகர்த்தியதும் பின்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. முதுகில் பச்சை பெயிண்டில் கொட்டை எழுத்து: கோகிலவாணி.

செந்தமிழ்ச்செல்வி சட்டென்று வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். கோகிலவாணி அவளுடைய ஓரகத்தி, மாயவனின் தம்பி பெண்டாட்டி, அடுத்த வீடு. சந்தியா கல்யாணத்துக்கு இரவல் கொடுத்த நாற்காலிகளில் ஒன்று குறைகிறதே என்று அவள் கேட்டாள். கேட்டதுதான் தாமதம், "உன் நாற்காலி என் வூட்ல இருந்தா நான் என் பேர மாத்திக்கறேன்டி!" என்று தெருவே திரும்பிப் பார்க்க இவள் சவால் விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. குழம்புக் கிண்ணம்கூட மதில் தாண்டவில்லை.

"இத யார் கண்ணுலயும் படாத எடத்துல போடுங்க" என்று புருஷனிடம் தள்ளிவிட்டு, பீரோவில் இருந்த புது பெட்ஷீட்டை உருவினாள். பாச்சா உருண்டை வாசனை தும்மலை வரவழைத்தது. உறை மாட்டியதும் அழுக்குத் தலையணைகள் மாப்பிள்ளை மிடுக்கில் சாய்ந்துகொண்டன. அப்போதுதான் சம்பந்தியின் முட்டி ஞாபகம் வந்தது. இவர்கள் வீட்டில் இருப்பதோ குத்தவைக்கும் கக்கூஸ்.

"கோகிலா வூட்ல வெஸ்டர்ன் இருக்குதே. ஒரு வார்த்த கேட்டா இன்னா?" என்றான் மாயவன்.

"அவ வாசல்ல போய் நிக்கறதுக்கு நான் மூட்டைக்குள்ளயே பூந்துக்கறேன்."

"அப்ப வுடு, நான் பாத்துக்கறேன்."

மாயவன் பார்த்துக்கொள்கிறேன் என்றால் மற்றவர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும். அது தெரிந்தும் அவள் அன்று இட்லி மாவைத் தேடி ஓடிவிட்டாள்.

ஆட்டோ வந்தது. சம்பந்தியம்மா தைலம்மாள் கட்டிலில் உட்கார்ந்து, ரூமைச் சுற்றிப் பார்த்து, "சொன்ன மாதிரியே தனி ரூமு" என்றாள். செந்தமிழ்ச்செல்விக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அடங்குவதற்குள் கோகிலவாணி ஒரு தட்டு கேசரியோடு உள்ளே வந்தாள். பேச்சு வார்த்தை இல்லாவிட்டாலும் சம்பந்தி வந்தால் ஒரு வார்த்தை 'வாங்க' என்று கேட்டாக வேண்டுமே.

அந்த நேரம் பார்த்துத்தான் மாயவன் புழக்கடையிலிருந்து நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தான். உட்காரும் இடத்தில் வட்டமாக ஓட்டை. "சம்பந்தி, முட்டிய மடக்கவே வேணாம்! இத அப்படியே கக்கூஸ் மேல வெச்சுக்கலாம்" என்று பெருமை பொங்கத் திருப்பிக் காட்டினான்.

தைலம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கேசரித் தட்டோடு நின்றவள் பக்கம் திரும்பினாள். "கோகிலவாணி... உங்க நாற்காலிங்களா?"

கோகிலவாணி வாயைத் திறந்தால் போதும். நாற்காலியை அமுக்கியவள் மகள் என்ற பேர் சந்தியாவுக்குக் காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும்.

கோகிலவாணி ஓட்டையைப் பார்த்தாள். ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தாள். தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஆமாங்க, என்துதான். நான்தான் இங்க குடுத்து வெச்சேன். ஓட்டை மட்டும் மாமா கைவேலை. இதுல உக்காந்து வுழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது? நீங்க எங்க வூட்டுக்கு வாங்க சம்பந்தி, உக்கார்றதுக்குத் தோதா கட்டியிருக்கோம்."

கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். செந்தமிழ்ச்செல்விக்கு வெட்கமாகவும் இருந்தது, ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் முடியாமல் புருஷனை முறைத்தாள்.

மறுநாள் சம்பந்திகளை அனுப்பியதும் அவள் அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள். கோகிலவாணி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மூட்டைக்குப் பின்னால கெடந்துச்சுடி. சத்தியமா நேத்துதான் பாத்தேன். தப்பு என்மேலதான்."

கோகிலவாணி தலையை நிமிர்த்தவில்லை. "பேர மாத்திக்கறேன்னியே. இன்னா பேரு வெச்சுக்கினே?"

"நீயே ஒண்ணு வைடி."

கோகிலவாணி நிஜமாகவே யோசிப்பவள் போல் ஒரு அவரைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கான்னே இருக்கட்டும். கூப்ட்டுக் கூப்ட்டு வாய்க்குப் பழகிடுச்சு."

செந்தமிழ்ச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து காய்க்கு நார் உரிக்கத் தொடங்கினாள்.