மூக்கு செத்தவனுக்குச் சாம்பிராணி

ரோமாபுரிக்குப் பக்கத்து ஒஸ்தியா துறைமுகத்தில் ருப்ரியுஸின் வெளுப்புப் பட்டறைக்கு யாரும் வழி கேட்டதில்லை. மூக்கு உள்ளவன் தானாகவே வந்து சேருவான். தெருமுனைதோறும் பட்டறை ஜாடிகள் நிற்கும். போகிறவன் வருகிறவனெல்லாம் அதில் மூத்திரம் பெய்துவிட்டுப் போவான். புளித்ததும் அதைத் தொட்டியில் ஊற்றி, துணியைப் போட்டு மிதித்தால் அழுக்கு ஓடியே போய்விடும். அப்புறம் அலசி உலர்த்திக் கந்தகப் புகை காட்டினால் வெள்ளை வெளேர். நகர மன்றத்துப் பெரிய மனிதர்கள் மார்பை நிமிர்த்திக்கொண்டு போர்த்திப் போகும் துணி எதில் குளித்து எழுந்தது என்று அவர்களும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

அந்தக் கந்தகப் புகையில் ருப்ரியுஸுக்கு இருபத்தெட்டு வயதிலேயே மூக்கு செத்துப்போயிற்று. ரோஜாவும் ஒன்றுதான், அழுகின மத்தியும் ஒன்றுதான். ஆனாலும் மனிதன் விடவில்லை. தினமும் சாயங்காலம் பட்டறையை மூடிவிட்டு வீட்டு நடையில் கால் வைத்ததும் கழுத்தை நீட்டுவான், மூக்கை இரண்டு தடவை உறிஞ்சுவான், தெருவுக்கே கேட்கிறமாதிரி குரல் கொடுப்பான்.

"ஆகா, என்னா வாசனை! இன்னைக்கு என்னடி சமையல்?"

உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி ஹெல்வியா திருப்பிக் கொடுப்பாள். "மூக்கு செத்த மனுசனுக்கு வாசனை ஒண்ணுதான் கேடு! வந்து உக்காரு, ஆறிடப் போவுது!"

முப்பது வருஷம் இப்படியே போயிற்று. எதிர்வீட்டு ரொட்டிக்காரி ஸ்டாபெரியா இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கடையைச் சாத்துவாள். தன் புருஷனுக்கு மூக்கு நன்றாக இருந்தும் ஒருநாள்கூட இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லையே என்பது அவளுடைய தீராத குறை.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்குள் ஒரு ஜாடி மீன்சாறு வந்து புகுந்தது.

ஹெல்வியாவின் தம்பிக்குக் கப்பலில் வேலை. அவன் ஹிஸ்பானியாவிலிருந்து கொண்டுவந்த சாறு அது. நம்மூர்க் கடைகளில் விற்கிற கழுநீர் இல்லை. நாலு சொட்டு விட்டால் வெறும் கோசுக்கீரையும் விருந்தாகிவிடும். மகன் டெசிமுஸின் கல்யாணத்துக்கு ஆகட்டும் என்று நடையோரமாக எடுத்து வைத்திருந்தாள். விடிகாலையில் எழுந்துவந்த ருப்ரியுஸ் ஜாடியைப் பார்த்தான். தெருமுனை ஜாடியை எவனோ சோம்பேறி இங்கேயே வைத்துவிட்டுத் தொலைந்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டான். தொட்டியில் ஏற்கெனவே இருந்த நாற்றத்தில் இந்த நாற்றம் வேலையாட்களுக்கும் தனியாகத் தெரியவில்லை.

மறுநாள் வெயில் ஏறினபோதுதான் தெரிந்தது. தொட்டியில் இருந்தது மன்றத்துப் பெரியவர்கள் பன்னிரண்டு பேரின் உடை. அதைப் போர்த்திக்கொண்டு அவர்கள் சந்தைவெளியைக் கடந்தபோது துறைமுகத்துப் பூனைகள் அத்தனையும் பின்னால் வரிசை கட்டின. சாக்கடை விஷயமாகப் பேசிவிட்டு உட்கார்ந்த பெரியவர் மடியில் ஒரு கடுவன் ஏறிப் படுத்தே விட்டது.

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஹெல்வியா வாயை மூடிக்கொண்டாள்.

அவள் கோபம் எங்களுக்குத் தெரியும். கத்துவாள், கரண்டியை எறிவாள், பொழுது சாய்வதற்குள் தீர்ந்துவிடும். இது அந்தக் கோபம் இல்லை. சாயங்காலம் ருப்ரியுஸ் வந்து மூக்கை உறிஞ்சி, "ஆகா, என்னா வாசனை!" என்றான். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், "மீன் வாசனை அடிக்குதே, பூனைங்களையும் சாப்பிடக் கூப்பிடட்டுமா?" என்று பார்த்தான். அவள் இன்னும் நன்றாகத் திரும்பிக்கொண்டாள். இப்படி ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் நடையில் கொஞ்சம் கூடுதலாகவே நின்றான். குரலும் தெருவரைக்கும் போகவில்லை.

பத்தாம் நாள் காலையில் தொட்டியோரம் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. கையில் பிழிந்தும் பிழியாத ஒரு துணி இருந்தது.

செத்தவனை உறவுக்காரர்கள் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் அல்லவா? மகன் கூப்பிட்டான், வேலையாட்கள் கூப்பிட்டார்கள், ஸ்டாபெரியா ரொட்டி மாவுக் கையோடு ஓடிவந்து கூப்பிட்டாள். ஹெல்வியா வாயைத் திறந்தாள். சத்தமே வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வாசலில் சைப்ரஸ் கிளை கட்டியாயிற்று, ருப்ரியுஸைக் கால் வாசலைப் பார்க்கக் கிடத்தியாயிற்று, அவள் தலைவிரி கோலமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"செத்த பிறகுமா வீம்பு?" என்று தெரு முணுமுணுத்தது. தெருவுக்கு என்ன, பேச ஒன்று கிடைத்தால் போதும்.

டெசிமுஸுக்குப் பயம் வேறு. "அம்மா, சிதைக்குத் தீ வைக்கறதுக்கு முன்னாடி நீதான் மூணு தடவை 'போய் வா'ன்னு சொல்லணும். பெண்டாட்டி சொல்லாம அனுப்பினா அப்பா நிம்மதியாப் போவாராம்மா? நிழலா இங்கேயே அலைவார்மா. சொல்லிடுவேல்ல?"

அவள் தலையை ஆட்டினாள். சொல்ல வேண்டும் என்று அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் ஒன்பது சாயங்காலத்துப் பதில் தொண்டையில் அடைத்துக்கொண்டு நின்றது. அது வெளியே போனால்தானே அதன் பின்னால் இன்னொரு வார்த்தை வரும்? கேட்டவனோ இனிமேல் கேட்கப்போவதில்லை. கேட்காதவனுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று அவளுக்கு விளங்கவில்லை.

இதற்கு நடுவில் கோமாளி வந்து சேர்ந்தான். வெளுப்பவர் சங்கம் ஏற்பாடு செய்த ஆள். பேர் கிரில்லுஸ், கப்புவா ஊர்க்காரன். செத்தவன் முகத்தை மெழுகில் எடுத்து மாட்டிக்கொண்டு, அவன் துணியைப் போட்டுக்கொண்டு, அவன்போலவே நடந்து பேசி ஊர்வலத்தைச் சிரிக்க வைக்க வேண்டியது இவன் வேலை. சிரிக்காத சாவு எங்களுக்குப் பாதிச் சாவுதான். ஒரே சங்கடம், ருப்ரியுஸ் ஒட்டடைக்கம்பு. கிரில்லுஸ் எண்ணெய்த் தாழி.

"தாயே, வயித்தைப் பாத்துப் பயப்படாதீங்க" என்று ஹெல்வியாவின் முன்னால் குந்தினான். "உள்ள இழுத்துக்குவேன். ஐயா எப்படி நடப்பாரு? எப்படித் திட்டுவாரு? ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும்."

ஹெல்வியா சுவரைப் பார்த்தாள்.

"அம்மா பேசறதில்லை" என்றான் டெசிமுஸ்.

"எப்பவுமா?"

"யோவ்! இந்தத் தெருவுலயே அதிகம் பேசினது அவங்கதான்யா!"

பட்டறையின் மூத்த வேலையாள் ஹிலாருஸ் முன்னால் வந்து, காலை அகட்டி, வலது தோளைத் தூக்கி, தொட்டி மிதிப்பவன் நடையை நடந்து காட்டினான். கிரில்லுஸ் பின்னாலேயே நடந்து பழகினான். இரண்டு சுற்றில் வயிறு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இதைச் சொல்லு, அதைச் சொல்லு என்று ஆளாளுக்கு வந்து சொன்னார்கள். ஸ்டாபெரியா வாசலோரம் அவனை மடக்கி, அந்தச் சாயங்காலக் கதையையும் ஒப்பித்துவிட்டாள்.

டெசிமுஸ் காதில் அது விழுந்துவிட்டது. "பூனைக் கதை சொல்லிக்க, என்னைக்கூடக் கிண்டல் பண்ணிக்க. அந்தச் சமையல் பேச்சை மட்டும் எடுக்காதே. அம்மா தாங்கமாட்டா."

"எடுக்கமாட்டேன் தம்பி" என்றான் கிரில்லுஸ். கோமாளியின் வாக்குறுதியை நம்புகிறவனை என்னவென்று சொல்வது!

அன்று மத்தியானம் ஹெல்வியா ஒரு காரியம் செய்தாள். வாசனைப் பொருள் விற்பவன் வந்தபோது எழுந்துபோய், மட்டமானதைக் கையால் ஒதுக்கி, அரபு தேசத்துச் சாம்பிராணியைத் தொட்டுக் காட்டினாள். ஒரு கூடை போதும் என்றான் மகன். அவள் மூன்று விரலைக் காட்டினாள்.

ஸ்டாபெரியா வாயைப் பொத்திக்கொண்டாள். "மூக்கு செத்தவருக்கு மூணு கூடையா அக்கா?"

மறுநாள் ஊர்வலம் ஊர்மதிலின் ரோமாபுரி வாசலைத் தாண்டிக் கல்லறைச் சாலையில் போயிற்று. முன்னால் குழலும் கொம்பும், கூலிக்கு அழுகிறவர்கள், அப்புறம் கிரில்லுஸ், அவனுக்குப் பின்னால் ருப்ரியுஸின் பாடை. சும்மா சொல்லக்கூடாது, பயல் பிழிந்து எடுத்துவிட்டான். தெருமுனை ஜாடியைக் கண்டதும் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா? ஊருல ஒருத்தனும் தண்ணி குடிக்கறதில்லையா?" என்று அதட்டினான். மன்றத்துப் பெரியவரைப் பார்த்துக் குனிந்து, "ஐயா சௌக்கியமா? பூனை சௌக்கியமா?" என்றான். பெரியவரே சிரித்துவிட்டார். பாடை தூக்கினவர்கள் சிரித்த சிரிப்பில் ருப்ரியுஸ் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தான்.

ஹெல்வியா மட்டும் தலையைக் குனிந்தபடி நடந்தாள். அந்தத் தோளும் அந்தக் காலும் முன்னால் போவதைப் பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

சிதையில் ஏற்றினார்கள். மகன் எங்கள் வழக்கப்படி அப்பாவின் கண்ணைத் திறந்துவிட்டு முத்தம் கொடுத்தான். மூன்று கூடை சாம்பிராணியையும் விறகின்மேல் கொட்டினார்கள். பக்கத்துத் தணலில் ஒரு பிடி விழுந்து, புகை எழும்பி, கல்லறைச் சாலையே கமகமத்தது. டெசிமுஸ் மூன்று தடவை "போய் வாங்கப்பா" என்றான். எல்லோரும் ஹெல்வியாவைப் பார்த்தார்கள்.

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"அம்மா, சொல்லும்மா" என்றான் மகன். "ஒரு தடவையாச்சும் சொல்லும்மா."

பந்தம் பிடித்திருந்த வெட்டியான் நெளிந்தான். "தாயீ, காத்து திரும்புது. சீக்கிரம்."

கிரில்லுஸின் வேலை முடிந்திருந்தது. மெழுகு முகத்தைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தான். இதையெல்லாம் பார்த்தான். முகத்தை மறுபடி மாட்டினான். தோளைத் தூக்கி, காலை அகட்டி, ஹெல்வியாவின் எதிரே வந்து நின்று கழுத்தை நீட்டினான். மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினான்.

"ஆகா, என்னா வாசனை! இன்னைக்கு என்னடி சமையல்?"

யாரும் சிரிக்கவில்லை. டெசிமுஸ், "அடப்பாவி!" என்று பாய்ந்தான். ஹிலாருஸ் அவனைப் பிடித்துக்கொண்டான்.

ஹெல்வியா நிமிர்ந்து பார்த்தாள். அது கப்புவா கோமாளி என்று அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனால் கேள்வி ருப்ரியுஸுடையது. அது கேட்டாகிவிட்டது.

"மூக்கு செத்த மனுசா!" என்று கத்தினாள். கல்லறைகளுக்கு அப்பால் மேய்ந்த ஆடுகள்கூடத் தலையைத் தூக்கின. "சாம்பிராணிய்யா அது, சாம்பிராணி! அதைப் போயா சமையல்ங்கற?"

கூட்டம் குபீரென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கோமாளியை விலக்கிவிட்டுச் சிதைப் பக்கம் போனாள். அப்புறம் பேசினதெல்லாம் அங்கே கண் திறந்து கிடந்தவனிடம்தான்.

"ரெண்டாம் நாளே எனக்குச் சிரிப்பு வந்துடுச்சுய்யா. கடுவன் மடியில ஏறிப் படுத்த கதையை ஸ்டாபெரியா வந்து சொன்னப்பவே வந்துடுச்சு. நீ பாத்துடக்கூடாதேன்னுதான் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன். இன்னும் ஒரு நாள் கெஞ்சட்டும், இன்னும் ஒரு நாள் கெஞ்சட்டும்னு இழுத்துட்டேன். நாள் இருக்குன்னு நெனச்சேன்யா, பாவி நான்."

ஸ்டாபெரியா வாய்விட்டு அழுதாள். கூலிக்கு அழ வந்தவர்கள்கூட நிஜமாக அழுதார்கள். அதற்குத் தனிக் கூலி கேட்கவில்லை.

ஹெல்வியா கண்ணைத் துடைத்தாள். "போய் வா" என்றாள். "போய் வா" என்றாள். மூன்றாவது தடவை கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, "சரி, போய் வாய்யா" என்றாள்.

வெட்டியான் பந்தத்தை டெசிமுஸிடம் நீட்டினான். தீ வைக்கிறவனும் சுற்றி நிற்கிறவர்களும் முகத்தைத் திருப்பிக்கொள்வது எங்கள் வழக்கம். டெசிமுஸ் திரும்பிக்கொண்டு பின்கையால் தீயை வைத்தான். ஊர் முழுக்கத் திரும்பிக்கொண்டது. கிரில்லுஸ்கூட மெழுகு முகத்தோடு அந்தப்பக்கம் திரும்பினான்.

ஹெல்வியா மட்டும் சிதையைப் பார்த்தபடியே நின்றாள்.

"அம்மா, பாக்கக் கூடாதும்மா. திரும்பிக்கோ" என்றான் மகன்.

"ஒம்பது நாள் திரும்பினது போதும்டா" என்றாள்.