நாலு விரல் புல்

குத்தவைத்துக் கோரை பிடுங்கிய தேவசகாயத்துக்கு இடுப்பு நிமிரவில்லை. இது அவன் வேலை இல்லை, கோவிந்தம்மாள் வேலை. எட்டு மாதமாக அவள் வருவதில்லை.

திண்டிவனத்துக்கு வெளியே சீனுவாசனின் பங்களா. ஜெர்மனியில் வேலை பார்த்துத் திரும்பியவர், அங்கிருந்தே குளிர்நாட்டுப் புல்விதை கொண்டுவந்திருந்தார். போன கார்த்திகையில் பத்து சென்டில் தூவினார்கள். தை, மாசியெல்லாம் தழைத்து நின்றது.

தோட்டக்காரன் தேவசகாயத்துக்கு அவர் சொன்னது ஒன்றுதான். "நாலு விரல் உயரத்துக்குக் கீழ வெட்டாதீங்க. வெயில்ல இந்தப் புல்லு தன் நிழல்லதான் வேரக் காப்பாத்திக்கும்."

பங்குனியில் பங்களாவில் நிச்சயதார்த்தம் வந்தது. அருகம்புல்லை ஒட்ட வெட்டி வெட்டிப் பழகிய கை. ஒட்ட வெட்டினால் ஒரு வாரத்தில் பச்சை பொங்கும் என்று தேவசகாயம் புல்வெட்டும் மிஷினில் உயரம் வைக்கும் லீவரைக் கடைசிப் படிக்கு இறக்கினான்.

களை எடுத்துக்கொண்டிருந்த கோவிந்தம்மாள் நிமிர்ந்தாள். வானூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.

"யண்ணே, நாலு விரலுன்னுல்ல சொன்னாரு? நீ என்னா வேளாங்கண்ணிக்கு மொட்ட போடற மாதிரி வழிச்சிக்கினு இருக்கற?"

"நீ கோரையப் புடுங்கு. எனக்குப் பாடம் எடுக்காத."

எட்டாம் நாள் புல் வைக்கோலாகிக் கிடந்தது. நாளைக்கு விருந்தாளிகள். சீனுவாசன் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார், வேரோடு வந்தது.

"என்ன ஆச்சு தேவசகாயம்?"

"களை எடுக்கறவங்க வேர அசைச்சிட்டாங்க சார். மல்லாட்டக் கொல்லையில கடலைச் செடிக்குக் கொத்தற மாதிரி கொத்துனா என்னாத்துக்கு ஆவும்?"

கோவிந்தம்மாள் நாலடி தள்ளித்தான் நின்றாள். காலையில் அவள் தூக்குவாளியிலிருந்து கேப்பைக் கூழ் வாங்கிக் குடித்த வாய் அது. அவனே சிரித்து மாற்றிச் சொல்வான் என்பதுபோல் பார்த்தாள். அவன் மிஷினைத் துடைத்தான்.

சீனுவாசன் சத்தம் போடவில்லை. "நாளையிலருந்து நீங்க வர வேணாம்மா" என்றார்.

போகும்போது அவள் கிட்டே வந்து மெல்லச் சொன்னாள். "லீவரு கடைசியிலயே கெடக்குது. தூக்கி வெச்சிடு. பாத்தார்னா உன் பொழப்பும் போயிடும்."

அவன் தூக்கி வைத்தான். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

இந்தக் கார்த்திகையில் மறுபடி தூவிய புல் இரண்டு விரல் வளர்ந்திருக்கிறது. சீனுவாசன் காபியோடு வந்து நின்றார்.

"ஒத்த ஆளா கஷ்டப்படுறீங்களே. களைக்கு வேற ஆள் சொல்லட்டுமா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"வேணாம் சார். நானே எடுத்துக்கறேன்."

அவர் உள்ளே போனார். அவன் மறுபடி குத்தவைத்தான். 'வெட்டுனது நான்தான் சார், அந்தம்மா இல்ல' என்ற ஒரு பேச்சை தேவசகாயம் கோவிந்தம்மாளுக்குக் கடன்பட்டிருக்கிறான். இன்றைக்கும் அதைக் கொடுக்கவில்லை.