டெல்பர்ட் காவல் காத்த புளிமாவு

அலாஸ்காவிலேயே யாரையும் எதையும் நம்பி வாழாத ஒரே மனிதன் டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ். இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவனும் டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ்தான். மின்கம்பி கிடையாது, குழாய் கிடையாது, சாலை இருநூறு மைலுக்கு அப்பால். வீட்டை அவனே மரம் வெட்டிக் கட்டினான். கோடரி, ரம்பம், இரும்பு அடுப்பு, கோதுமை மாவு, மண்ணெண்ணெய், காப்பித்தூள் முதலிய சில்லறைச் சாமான்கள் மட்டும் ஃபேர்பேங்க்ஸ் நகரத்திலிருந்து விமானத்தில் வந்தன. அவற்றை அவன் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை.

"மனுஷனுக்கு ஒரு கோடரி போதும்," என்பான். "மத்ததெல்லாம் பழக்கதோஷம்."

ஜனவரியில் அவன் மனைவி நோரீனுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. இதற்குக் கோடரி சரிப்படாது என்று அவள் முடிவு செய்தாள். அவளை ஊருக்குப் பல் வைத்தியரிடம் அழைத்துப்போக, உறைந்த ஆற்றின்மேல் குட்டி விமானம் வந்து சறுக்கி நின்றது. ஏறும் முன் அவள் மூடி போட்ட ஒரு பீங்கான் பானையை அவன் கையில் கொடுத்தாள்.

"இதைக் கட்டிக்கிட்டுத்தான் தூங்கணும். அடுப்பு அணைஞ்சாலும் உன் வயித்துச் சூட்டுல பொழைச்சுக்கும்."

பானைக்குள் இருந்தது ரொட்டிக்கான புளிமாவு. எடுக்க எடுக்கப் புது மாவைப் போட்டு, நோரீனின் அம்மா நாற்பது வருஷம் அதை உயிரோடு வைத்திருந்தாள். அம்மா போய்விட்டாள். மாவு இருந்தது. குளிர்காலம் முடியும்வரை அந்த ஆற்றங்கரையில் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் புளிமாவோடுதான் படுப்பார்கள். டெல்பர்ட் வீட்டில் அது நோரீன்.

"ஒன்பது மைல் தள்ளி வில்பர் ஓலின் இருக்கான் பாரு, அவனுக்குப் பொண்ணு கிடைக்கல, மாவோட குடித்தனம் பண்றான். எனக்கென்ன தலையெழுத்தா?"

"விளையாடாதே டெல்பர்ட். அது எங்கம்மாவோடது."

"தெரியும்மா, தெரியும். ராஜா மாதிரி பார்த்துக்கறேன், போயிட்டு வா."

ராஜாக்கள் யாரும் டெல்பர்ட்டோடு ஒரே கட்டிலில் படுப்பதில்லை. ஆகவே பானை அடுப்புக்குப் பின்னாலிருந்த பலகைக்குப் போயிற்று. அந்த அடுப்பில் காற்றைக் கட்டுப்படுத்த அவனே ஒரு தகடு கண்டுபிடித்துப் பொருத்தியிருந்தான். கட்டையை அடுக்கிவிட்டால் பத்து மணி நேரம் எரியும். நான்காம் நாள் இரவு அது நான்கு மணி நேரமே எரிந்தது. வெளியே மைனஸ் நாற்பத்தெட்டு டிகிரி. விடிந்து பார்த்தால் வாளித் தண்ணீர், காப்பி, அவன் மீசை மூன்றும் உறைந்திருந்தன. பானைக்குள் கல்.

டெல்பர்ட் பதறவில்லை. பதறியிருந்தால் தேவலை. உறைந்ததை இளக்கினால் தீர்ந்தது என்று அடுப்பை மூட்டி, பானையை அதன் தலையிலேயே ஏற்றிவிட்டு விறகு பிளக்கப் போனான். திரும்பி வந்தபோது வீடெல்லாம் ரொட்டி வாசனை. அருமையான வாசனை. நாற்பது வருஷத்து மாவு அடியிலிருந்து மேல்வரை ஒரே சீராக வெந்திருந்தது. நாய்க்குப் போட்டான். அதற்கு மிகவும் பிடித்திருந்தது.

புது மாவைத் தண்ணீரில் கரைத்து வைத்து இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மாவும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை வானொலியைத் திருப்பினான். காட்டில் இருப்பவர்களுக்கு ஊரிலிருந்து வரும் சேதிகளை அந்த நேரத்தில்தான் வாசிப்பார்கள். சேதி யாருக்கு வந்தாலும் ஆற்றின் நீளத்துக்கு எல்லோரும் கேட்பார்கள்.

"டெல்பர்ட் ஹாஸ்கின்ஸுக்கு நோரீன். பல் பிடுங்கியாச்சு. வெள்ளிக்கிழமை வர்றேன். பானையக் கட்டிக்கிட்டுத்தானே தூங்கறே?"

அறிவிப்பாளர் கடைசி வரியை மட்டும் ஏனோ இரண்டு முறை வாசித்தார்.

மறுநாள் பனிவண்டியின் எஞ்சின் கிளம்ப மறுத்தது. பனிக்காலணியை மாட்டிக்கொண்டு டெல்பர்ட் வில்பர் வீடுவரை ஒன்பது மைலும் நடந்தான். தட்டுவதற்கு முன்பே வில்பர் கதவைத் திறந்தான்.

"வாப்பா. வானொலி கேட்டேன்."

"சும்மா, இந்தப் பக்கமா வந்தேன்."

"இந்தக் குளிர்ல? சும்மா?"

டெல்பர்ட் உட்கார்ந்து ஓநாய்களைப் பற்றிப் பேசினான். பொறியில் விழுந்த நரியைப் பற்றிப் பேசினான். வில்பர் ஒரு கிண்ணம் மூஸ் மான் இறைச்சிச் சாறு ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டான்.

"சரி, உறைஞ்சு போச்சா?"

"வெந்து போச்சு."

வில்பர் கரண்டியைக் கீழே வைத்தான். சிரிப்பான் என்று டெல்பர்ட் எதிர்பார்த்தான். அவன் சிரிக்காதது இன்னும் மோசமாக இருந்தது.

"நோரீன் அம்மாவோடதாச்சேடா அது."

"ஆமா."

வில்பர் எழுந்து போய்த் தன் கட்டில் போர்வைக்குள்ளிருந்து ஒரு பானையை எடுத்தான்.

"இது எங்கேருந்து வந்துச்சுன்னு நினைக்கறே? எட்டு வருஷம் முன்னாடி என்னோடது செத்துப்போய் உங்க வீட்டுக்கு வந்தேன். நோரீன் ஒரு கிண்ணம் குடுத்தா. நீ வாசல்ல நின்னுக்கிட்டு, மனுஷன் யாரையும் அண்டி வாழக்கூடாதுன்னு எனக்குப் பிரசங்கம் பண்ணினே."

டெல்பர்ட்டுக்கு அந்தப் பிரசங்கம் நினைவிருந்தது. நன்றாக அமைந்த பிரசங்கம். இறைச்சிச் சாற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

வில்பர் பாதி மாவை ஒரு டப்பாவில் ஊற்றினான்.

"குடு, முதுகுப் பையில போட்டுக்கறேன்."

"பையில போட்டா ரெண்டாவது மைல்ல கல்லாயிடும். சட்டையத் தூக்கு. உள்ள, தோலோட ஒட்டி இருக்கணும். மூடிய இறுக்காதே, அது மூச்சு விடணும்."

"யார்கிட்டயும் சொல்லிடாதே வில்பர்."

"நான் எதுக்கப்பா சொல்றேன்? குடித்தனம் நல்லபடியா நடக்கட்டும்."

ஐந்தாவது மைலில் மாவு சூடேறிப் பொங்கி, டெல்பர்ட்டின் தொப்புள் வழியாக இடுப்புக்கு வழிந்தது. அவன் துடைக்கவில்லை. உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடைத்திருக்காது.

வெள்ளிக்கிழமை நோரீன் வீங்கிய கன்னத்தோடு வந்து இறங்கினாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் பானையைத் திறந்தாள். உள்ளே நுரை பொங்கிக்கொண்டிருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"அட, நல்லாத்தான் பார்த்துக்கிட்டிருக்கே!"

அந்த இடத்தில் டெல்பர்ட் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அதற்கும் அவன் தயாராகத்தான் இருந்தான். ஆனால் அவள் பானையை அம்மாவின் முகத்தைத் தொடுவதுபோலத் தொட்டாள்.

"அது வில்பர் வீட்டு மாவு," என்றான். "உங்கம்மாவோடத நான் கொன்னுட்டேன். பலகையில வெச்சேன், உறைஞ்சுது. அடுப்பு மேல வெச்சேன், வெந்துடுச்சு."

நோரீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"வெந்ததை என்ன பண்ணினே?"

"நாய்க்குப் போட்டேன்."

"தின்னுச்சா?"

"தட்டையும் நக்குச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் பல் பிடுங்கிய இடம் வலித்தது. வலியில் வந்த கண்ணீர் சிரிப்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வந்தது. அவன் பக்கத்தில் நின்றான்.

"வில்பர்கிட்ட இருக்கறதும் அம்மாவோடதுதான்," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இதையும் கொன்னுட்டு இன்னொரு தடவை கேட்டுப் போனா, அவன்கிட்டயும் மிச்சம் இருக்கணும், பார்த்துக்கோ." எழுந்து, விமானம் இறக்கிவிட்டுப் போன பெட்டிகளை எடுத்துவர வெளியே போனாள்.

முதல் பெட்டியோடு அவள் திரும்பியபோது மணி இரண்டுதான். டெல்பர்ட் கட்டிலில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். வயிற்றருகே போர்வை பானையளவுக்கு மேடிட்டிருந்தது.

"காய்ச்சலா?"

"இல்ல."

"பின்ன என்ன, பட்டப்பகல்ல?"

"கதவைச் சாத்தும்மா," என்றான் தணிந்த குரலில். "சில்லுனு காத்து வருது."

போர்வையை வயிற்றைச் சுற்றி இன்னொரு முறை நன்றாகச் செருகிக்கொண்டான்.