மூன்றாம் கிணறு, பத்து மணிக் கட்டம்

பதினெட்டு நாள், ஐந்து மணி நேரம், ஐம்பத்து மூன்று நிமிடம். மாலை நான்கு மணிக்கு விசாரணை தொடங்கும்போது கணக்கு அவ்வளவாகிவிடும். வீட்டில் மற்றவர்கள் நாள் எண்ணியது அக்காவின் கணவரான அத்தானின் மூச்சு நின்ற பதினொன்று ஐந்திலிருந்து. தங்கை மட்டும் பத்து மணி ஏழு நிமிடத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

பகல் சாப்பாடு மேசைமேல் மூடியபடியே கிடந்தது. அக்கா அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள்.

“என்னக்கா தேடற?”

“அவரோட நோட்டு. நீல அட்டை. கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி எழுதினது. தூக்கிப் போட மனசு வராம இங்கதான் எங்கயோ சொருகி வச்சார்.”

“இப்ப எதுக்கு அது?”

“காட்டத்தான். அளக்காமலே போயிட்டாராமே. குளிக்கப் போறதுக்குக்கூட கடிகாரத்தைப் பார்த்துட்டுப் போற மனுஷன்.” அக்கா குரலை உயர்த்தவில்லை. இத்தனை நாளும் அவள் குரல் ஒரே மட்டத்தில்தான் இருந்தது. “நீ அங்கேயேதான உட்கார்ந்திருக்க. உன் கம்ப்யூட்டர்ல நல்லாப் பார்த்தியா?”

“பார்த்தேன்க்கா. அறிக்கையில அந்த இடம் காலியாத்தான் இருக்கு.”

அது பொய் இல்லை. அறிக்கையில் காலியாகத்தான் இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளை ஓட்டியிருந்தாள்.

நோட்டு கிடைத்தது. போர்வைகளுக்கு அடியில் இருந்தது. அக்கா அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் பைக்குள் வைத்தாள். சாப்பாட்டை இருவரும் தொடவில்லை.

அத்தானும் தங்கையும் வேலை பார்த்தது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில். ஊரின் அழுக்கெல்லாம் வந்து சேரும் ஆறு ஆழமான கிணறுகள் அங்கே உண்டு. மீட்டரைக் கயிற்றில் கட்டி, மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு கிணற்றுக்குள்ளும் இறக்கி, விஷவாயு எவ்வளவு என்று பார்த்து எழுதுவது அத்தானின் வேலை. எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர். பத்தைத் தாண்டினால் கிணற்று வாயில் ஒரு சிவப்புத் தகட்டை மாட்டிவிடுவார். தகடு தொங்கினால் துப்புரவு ஆட்கள் யாரும் உள்ளே இறங்க மாட்டார்கள். பதினோரு வருடம் அப்படித்தான் நடந்தது.

இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தவளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். இன்ஜினியரிடம் நான்கு முறை போய் நின்றிருக்கிறார். அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, அந்தச் சிவப்புத் தகட்டுக்குப் பதிலாக ஒரு விளக்கு. அத்தான் இனி நோட்டில் எழுத வேண்டாம், கைபேசியில் ஒரு ஷீட்டில் தட்டினால் போதும். அவள் எழுதிய ஸ்கிரிப்ட், சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் நிரல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த ஷீட்டைத் திறந்து, கட்டம் கட்டமாகப் படிக்கும். ஒரு கிணற்றின் கடைசி எண் பத்துக்கு மேல் இருந்தால் அந்தக் கிணற்று வாயில் சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை. மாலையில் அன்றைய எண்களை அறிக்கையாக அச்சடித்தும் தரும். தகடுகளை மூட்டையாகக் கட்டி ஸ்டோர் ரூமில் போட்டார்கள்.

அத்தான் ஸ்கிரிப்டுக்குச் சின்ன மேனேஜர் என்று பெயர் வைத்தார். காலையில் அவள் மேசையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி.

“என்ன விஞ்ஞானி, சின்ன மேனேஜர் எழுந்தாச்சா? டீ கொடுத்தியா?”

“அது என்னை மாதிரி இல்ல அத்தான். தூங்கவே தூங்காது.”

“அப்ப கல்யாணம் ஆகாதவர்னு சொல்லு.”

சின்ன மேனேஜர் முதல் இரண்டு வாரம் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கட்டத்தில் எண் இருந்தால் படிக்கும். அத்தானோ நோட்டில் எழுதிப் பழகியவர். ‘மழை’ என்று தட்டுவார். ‘மூடி திறக்க வரல’ என்று தட்டுவார். ஒருநாள் ‘பேட்டரி மண்டையைப் போட்டுடுச்சு’ என்றுகூடத் தட்டியிருந்தார். எழுத்து வந்த கட்டத்தில் ஸ்கிரிப்ட் அப்படியே நின்றுவிடும். ஆறு கிணற்று விளக்கும் அணைந்துவிடும். இன்ஜினியர் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்.

“உங்க மேனேஜர் இன்னைக்கும் லீவாம்மா?”

அறையில் நாலு பேர் சிரிப்பார்கள். அவளுக்குக் காது மடல் சுடும், தலை நிமிராது. எழுந்து இருநூறு அடி நடந்து அத்தானிடம் போய், “எண் இல்லாம வேற என்னென்ன எழுதுவீங்க, ஏன் எழுதுவீங்க?” என்று உட்கார்ந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாலு பேர் இருக்கும் அறையைக் கடந்து போக வேண்டுமே என்று இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு வரி சேர்த்தாள். கட்டத்தில் இருப்பது எண் இல்லையென்றால் விட்டுவிடு, அதற்கு முந்தைய எண்ணை எடுத்துக்கொள்.

அதற்குப் பிறகு ஸ்கிரிப்ட் ஒருநாளும் நிற்கவில்லை. “இப்பதான் உருப்படியா ஓடுது” என்றார் இன்ஜினியர். அன்று வீட்டுக்கு வந்து அவள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

சாப்பாடு என்றால் இன்னொரு நாளும் ஞாபகம் வருகிறது. எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தான் தானாகவே சொன்னார்.

“மீட்டருக்கு நூறு வரைக்கும்தான் கண்ணு தெரியும் விஞ்ஞானி. அதுக்கு மேல போச்சுன்னா கையை விரிச்சிடும். அப்ப நான் நூறுன்னு எழுதினா பொய் சொன்ன மாதிரி. மேல எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? நூறு போட்டுப் பக்கத்துல ஒரு ப்ளஸ் போட்டுடுவேன். பதினோரு வருஷத்துல ஒரே ஒரு தடவை போட்டிருக்கேன்.”

அவள் கைபேசியைப் பார்த்தபடி ‘ம்’ கொட்டினாள்.

விபத்து நடந்த அன்று பத்து மணிக்கு அவர் மூன்றாம் கிணற்றில் மீட்டரை இறக்கினார். தட்ட வேண்டியதைத் தட்டிவிட்டு அடுத்த கிணற்றுக்கு நடந்தார். மீதியைச் சின்ன மேனேஜர் பார்த்துக்கொள்வார் என்பதுதானே ஏற்பாடு. மூன்றாம் கிணற்றின் விளக்கு ஒன்பது மணி எண்ணை வைத்துக்கொண்டு பச்சையாகவே எரிந்தது. பத்தரைக்கு ஒரு துப்புரவு ஆள் பச்சையைப் பார்த்துவிட்டு ஏணியில் இறங்கினார். பாதியில் கை நழுவி விழுந்தார். சத்தம் கேட்டு ஆறாம் கிணற்றிலிருந்து அத்தான் ஓடி வந்து உள்ளே இறங்கினார். மீட்டர் கயிற்றை விழுந்தவரின் அக்குளில் கட்டி மேலே இழுக்கச் சொன்னார். கயிறு ஒன்றுதான் இருந்தது. அது திரும்ப இறங்குவதற்குள் அவர் முகங்குப்புறக் கிடந்தார்.

அவள் மூன்றாம் நாள் வேலைக்குப் போனாள். யாரும் வருவதற்கு முன் ஷீட்டைத் திறந்தாள். மூன்றாம் கிணறு, பத்து மணிக் கட்டம்: 100+. தட்டிய நேரம் பத்து ஏழு. அதைப் பார்ப்பதற்கு முன்பே, படி ஏறும்போதே, அங்கே என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பத்தே நிமிடத்தில் அந்த வரியை மாற்றினாள். எண் இல்லாத கட்டம் எதுவானாலும் சிவப்பு. இனி யாரும் சாக மாட்டார்கள். மாற்றியதை யாரிடமும் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஷீட்டை யாரும் திறப்பதில்லை, எல்லோருக்கும் அச்சடித்த அறிக்கைதான். அந்த அறிக்கையில் எண்கள் மட்டும் வரும். பத்து மணிக்கு நேராக ஒன்றுமில்லை.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்ஜினியர். எதிரே அக்காவும், உயிர் பிழைத்த துப்புரவு ஆளும். அறிக்கைக் கட்டோடு அவள் சுவரோரமாக நின்றாள்.

“பச்சைதான் சார் எரிஞ்சுது,” என்றார் துப்புரவு ஆள். ஒவ்வொரு வார்த்தைக்கும் இருமல் வந்தது. “ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்தேன். ஆனா ஒண்ணு. அவர் அளக்காம விட்டார்னு என் வாயால சொல்லச் சொல்லாதீங்க. என்னைத் தூக்கி விட்டவர் அவர்.”

“நீங்க சொல்ல வேண்டாம்பா. பேப்பரே சொல்லுது.” அதிகாரி அறிக்கையைத் தட்டினார். அவர் கெட்டவர் இல்லை. அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னது அவர்தான்.

அக்கா பையிலிருந்து நீல நோட்டை எடுத்து மேசைமேல் நகர்த்தினாள்.

“இது அவர் எழுதினது சார். எந்தப் பக்கத்தை வேணும்னாலும் பிரிச்சுப் பாருங்க. ஒரு மணி விட்டிருந்தா நீங்க நீட்டற இடத்துல கையெழுத்து போடறேன்.”

அதிகாரி மரியாதைக்காகப் புரட்டினார். இரண்டு பக்கம், பத்துப் பக்கம். பிறகு உண்மையாகவே படிக்கத் தொடங்கினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

“இது என்னம்மா, நூறுக்குப் பக்கத்துல ப்ளஸ்?”

“மீட்டர் கையை விரிச்சா அப்படித்தான் எழுதுவார். வெறும் நூறுன்னு போட்டா பொய்னு சொல்லுவார்.”

“அப்படியா.” அதிகாரி இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் தோளைக் குலுக்கினார். “நல்ல பழக்கம்தான். மறுக்கல. ஆனா இது நாலு வருஷத்துக்கு முந்தி. அன்னைக்கு ஒண்ணும் எழுதலையேம்மா. ஒரு நாள் யாருக்கும் தவறும்.”

நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். அதன்மேல் ஒரு தாளை வைத்தார். அக்கா அதைக் கையில் எடுத்துப் படித்தாள். பத்து மணி அளவு எடுக்கப்படவில்லை. விபத்துக்குக் காரணம் பணியாளரின் கவனக்குறைவு. குடும்பத்தாருக்குப் படித்துக் காட்டப்பட்டது.

முதலிலிருந்து இன்னொரு முறை படித்தாள். பிறகு அவள் தோள் இறங்கியது. பதினெட்டு நாளில் முதல்முறையாக அவளும் அதை நம்பத் தொடங்கிவிட்டாள் என்று சுவரோரம் நின்றவளுக்குத் தெரிந்தது.

“கவனம் எங்கயோ போயிருக்கு,” என்றாள் அக்கா யாரையும் பார்க்காமல். “அன்னைக்குக் காலையில நான்தான் சண்டை போட்டேன். ஒண்ணுமில்லாத விஷயம். ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டுட்டார்னு.”

பேனா எழுதவில்லை. அக்கா உதறிப் பார்த்தாள். இன்ஜினியர் தன் சட்டைப் பையிலிருந்து வேறொன்றை எடுத்து மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அக்கா தாளை நேராக வைத்துக்கொண்டாள்.

“எழுதினார்.”

அது யார் குரல் என்று அவளுக்கே சட்டென்று புரியவில்லை.

“என்னம்மா?” அதிகாரி திரும்பினார். “காதுல விழல. சத்தமாச் சொல்லு.”

அறையில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அறிக்கைக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, அக்காவின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

“பத்து ஏழுக்கு எழுதினார்க்கா. நூறு போட்டு ப்ளஸ் போட்டிருக்கார். ஷீட்ல இன்னும் அப்படியே இருக்கு. எண்ணா இல்லன்னா விட்டுடுன்னு ஸ்கிரிப்ட்ல ஒரு வரி இருந்துச்சு. அந்த வரியை எழுதினது நான்.”