அடைப்புக்குறிக்குள் ஓர் ஊர்

என் அப்பா யாக்கோப்பு எங்கள் ஊர் குருநகரில் போஸ்ட் மாஸ்டராக இருந்தவர். லண்டனுக்கு வந்து பத்து வருடமாகியும் எல்லோரும் அவரை மாஸ்ரர் என்றுதான் கூப்பிட்டார்கள். டூட்டிங்கில், இராஜேந்திரனின் பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில், நானும் என் கணவர் யேசுரட்ணமும் ஒரு சின்ன அச்சகம் நடத்தினோம். கல்யாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், எல்லாவற்றுக்கும் மேலாக மரண அறிவித்தல். நான் கொம்பியூட்டரில் எழுத்துக் கோப்பேன், யேசுரட்ணம் அச்சடிப்பார், அம்மா மரியநாயகி மடித்துக் கட்டுவார், அப்பா புரூவ் பார்ப்பார். சிவப்புப் பேனையும் நேரத்துக்குப் பால் விடாத பிளேன்ரீயும் கிடைத்தால் அப்பாவுக்கு வேறெதுவும் வேண்டாம்.

பிழை பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. செத்தவரின் பெயரில் ஒரு புள்ளி குறைந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் சில வேளை, சரியாக இருந்ததையும் வெட்டிவிடுவார். பிறகு யோசித்து, வெட்டிய சொல்லுக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவார். அப்படி எழுதியிருந்தால், வெட்டியதைப் பொருட்படுத்தாமல் முன்பிருந்தபடியே விட வேண்டும் என்று அர்த்தம். தான் செய்தது பிழை என்று அவர் ஒத்துக்கொண்ட ஒரே இடம் அந்தத் தாள்தான். மற்ற விஷயங்களில் ஒத்துக்கொண்டதை நான் கண்டதில்லை.

மற்ற விஷயம் என்று நான் சொல்வது என் தங்கை டொலறஸின் விஷயம். 1991இல் அவள் இம்மானுவேலைக் கல்யாணம் செய்தாள். லூயிஷாமில் பஸ் ஓட்டுகிறவர். கானா நாட்டுக்காரர். எங்களைப்போலக் கத்தோலிக்கர், ஞாயிறு பூசை தவறாதவர். வேதம் சரி, வேலை சரி, குணம் தங்கம். அத்தனையையும் அப்பா, ஆபிரிக்கரை எங்கள் ஆட்கள் இழித்துச் சொல்லும் 'காப்பிலி' என்ற ஒரு சொல்லால் அடித்து முடித்தார். கல்யாணத்துக்குப் போகவில்லை, அவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை, எங்கள் வீட்டுப் படியை இம்மானுவேல் ஏறவும் விடவில்லை, இப்படி ஒரு மருமகன் இருப்பதை வெளியில் ஒருவருக்கும் சொல்லவுமில்லை. அப்பாவின் நிறத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இம்மானுவேலையும் அவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் யார் அதிகம் கறுப்பு என்று சொல்ல நல்ல வெளிச்சம் வேண்டும்.

அம்மா தனக்கு வேறு வழி வைத்திருந்தார். மாதத்தில் இரண்டு தரம் லூயிஷாம் சந்தைக்கு என்று சொல்லிவிட்டுப் போவார். டூட்டிங்கில் கிடைக்காத என்ன மரக்கறி லூயிஷாமில் கிடைக்கிறது என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. திரும்பி வரும்போது அம்மாவின் பையில் தொடை மொத்தத்தில் ஒரு கிழங்கு இருக்கும். இம்மானுவேல் தெரிந்து வாங்கிக் கொடுத்த கிழங்கு. அப்பா அதை அவித்துச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டு, ஊரில்கூட இப்படி ஒரு கிழங்கு தின்றதில்லை என்பார். அம்மா இன்னொரு துண்டு வைப்பார்.

1997 கோடையில் இளவரசியின் படம் இல்லாத பேப்பரே கிடையாது. விவாகரத்தாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. எகிப்துப் பணக்காரர் ஒருவரின் மகனோடு பழகுகிறார் என்று, கடலில் படகில் நின்றவர்களை எங்கேயோ தூரத்திலிருந்து பிடித்த படங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டார்கள். கீழே கடையில் அரிசி வாங்க வந்தவர்களுக்கும் அதுதான் கதை. வெள்ளைக்காரனுக்கு வயிறு எரிகிறது என்று இராஜேந்திரன் சந்தோஷமாகச் சொல்வார்.

அப்பா அந்தப் பேப்பர்களை வாங்கிவந்து சிவப்புப் பேனையோடு உட்காருவார். ஒருநாள் ஒரு முழுப் பக்கத்தை என் மேசையில் விரித்தார். எகிப்து என்று வந்த இடங்களில் கோடு போட்டிருந்தார், ஒன்பது கோடு. அந்த மனிதரின் பெயர் வந்த இடத்தில் வட்டம், இரண்டே வட்டம்.

"அவனுக்குப் பேர் இல்லையோ? வெள்ளையெண்டால் உவங்கள் இப்பிடி எழுதுவாங்களோ?"

அப்பா சொன்னது முழுக்கச் சரி. அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவர் தலை நிமிராமல் அழைப்பிதழ்களை மடித்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை, பாரிஸில் நடந்த விபத்தில் இருவரும் செத்துப்போனார்கள். மறுநாள் எங்கள் தெருவிலிருக்கும் ஒரு வெள்ளைக்கார மனுஷி, இளவரசிக்காகத் தான் எழுதிய ஒரு மன்றாட்டைப் போட்டோகொப்பி எடுக்க வந்தார். பாவம், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அந்த அந்நியனோடு திரியாமல் இருந்திருந்தால் பிள்ளை இன்றைக்கு உயிரோடு இருந்திருக்கும் என்று சொல்லி அழுதார். அப்பா மரியாதையாகத் தலையாட்டி, கொப்பியை உறையில் போட்டுக் கொடுத்து, கதவுவரை போய் வழியனுப்பினார். வந்ததும் கத்தத் தொடங்கினார். அவனும் செத்துத்தானே போனான், அவனுக்கும் ஒரு தகப்பன் இருக்கிறானே, அந்த மனுஷன் மகனை அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டான், அந்தச் செய்தியைப் பேப்பரின் உள்பக்கத்தில் ஒரு மூலையில் போட்டிருக்கிறாங்கள் என்றார். அந்த மூலையைக் கத்தரித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அம்மா மடிப்பதை நிறுத்தினார்.

"மற்றவையின்ரை பிள்ளையளுக்கு நல்லாய்ப் பரிஞ்சு பேசுறியள்," என்றார்.

ஆறு வருடத்தில் அம்மா அப்பாவிடம் டொலறஸின் விஷயத்தைப்பற்றிச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். அப்பா சிவப்புப் பேனையை எடுத்து அடுத்த புரூவைப் பார்க்கத் தொடங்கினார். செவ்வாய் காலை, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றபோது அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அம்புலன்ஸ் வருமுன்னே எல்லாம் முடிந்துவிட்டது. எத்தனையோ பேரின் அம்மாக்களுக்கு மரண அறிவித்தல் கோத்த எனக்கு, எங்கள் அம்மாவின் பெயரை அடிக்கும்போது விரல் வரவில்லை.

அப்பா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அன்னார் யாக்கோப்புவின் அன்பு மனைவியும், பியற்றிஸ், டொலறஸ் ஆகியோரின் பாசமிகு தாயாரும், யேசுரட்ணத்தின் அன்பு மாமியாரும் ஆவார். இரண்டு மகள், ஒரு மருமகன். எங்கள் சனம் மரண அறிவித்தலை வாசிக்கும் விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். யார் பெயர் இருக்கிறது என்பதைவிட யார் பெயர் இல்லை என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

டொலறஸுக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டினேன். அவள் கோபிக்க முன் நான் ஒரு தந்திரம் சொன்னேன். மற்ற அறிவித்தல்களில் போடுவதுபோல பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஊர் போட்டு, இம்மானுவேல் லண்டன் என்று போட்டுவிடுகிறேன், அப்பாவும் சம்மதிப்பார், எங்கள் ஆட்களிலும் எத்தனை இம்மானுவேல் இருக்கிறார்கள், யாரும் கேட்கமாட்டார்கள் என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"அவரைக் குருநகர் ஆளாக்கப் பாக்கிறியளோ அக்கா? இம்மானுவேல், அடைப்புக்குறிக்குள்ளை கானா. அப்பிடிப் போட ஏலாதெண்டால் என்ரை பேரையும் எடுத்துவிடுங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் கோயிலுக்கு வருவம், கடைசி வாங்கிலை இருந்து பூசை கண்டிட்டுப் போவம்."

அவள் அழுது சொல்லவில்லை. சொன்னதைச் செய்கிறவள். அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில், முன்வரிசை வாங்கில், என் தங்கை எனக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த வாரத்தில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். யேசுரட்ணம் (லண்டன்), இம்மானுவேல் (கானா) ஆகியோரின் அன்பு மாமியாரும் என்று அடித்து, புரூவை அப்பாவின் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வந்து பார்த்தேன். பெயரில் அவர் கை வைக்கவில்லை. கானாவை மட்டும் சிவப்பால் வெட்டி, மேலே கனடா என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

கனடா இல்லாத மரண அறிவித்தல் எங்களிடம் வந்ததேயில்லை. பாதிச் சனம் அங்கேதான் இருக்கிறது. அப்பாவின் பேனை நூறு தரம் எழுதிய சொல். பழக்கத்தில் திருத்திவிட்டாரோ என்று ஒரு கணம் நம்பப் பார்த்தேன்.

"பிழையெண்டு நினைச்சுத் திருத்தினியளோ அப்பா, இல்லாட்டி வேணுமெண்டு திருத்தினியளோ?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, கனடா என்று இருந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை, ஒருவரும் ஒன்றும் கேட்கவும் மாட்டார்கள் என்றார். அவ்வளவு அமைதியாகச் சொன்னார்.

"எகிப்துக்காரனுக்குப் பேர் இல்லையோ எண்டு கேட்டது நீங்கள்தானே. இவருக்கு ஊர் இல்லையோ? அம்மா கொண்டுவந்த கிழங்கெல்லாம் ஆர் வாங்கித் தந்ததெண்டு நினைச்சியள்?"

அப்பா என்னைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டார், தொப்பியை எடுத்தார், படியிறங்கிப் போனார். நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். யேசுரட்ணம் சண்டைக்குப் போகாத மனிதர். இரண்டு விதமாக அடித்தால் என்ன, லூயிஷாமுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று மெதுவாகக் கேட்டார். நான் பார்த்த பார்வையில் மெஷினைத் துடைக்கப் போய்விட்டார்.

அடக்கம் அடுத்த செவ்வாய் என்று முடிவாகியிருந்தது. ஞாயிறு பூசை முடிந்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமையும் புரூவ் மேசையில் அப்படியே கிடந்தது. நானும் அப்பாவும் பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை இளவரசியின் அடக்கம். தெருவில் கடைகளெல்லாம் பூட்டியிருந்தன. இராஜேந்திரன் கண்ணாடிக்குள் இளவரசியின் படத்தை வைத்து, மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தியிருந்தார். அப்பா எங்கள் வீட்டில் டெலிவிஷனுக்கு முன்னால் காலையிலிருந்து இருந்தார். பெட்டி போகும் வழியெல்லாம் சனம் பூ எறிந்தது. ஒருதரம் மட்டும் சட்டைப் பையிலிருந்து அந்தக் கத்தரித்த துண்டை எடுத்து விரித்து வாசித்துவிட்டு, திரும்பவும் மடித்து வைத்தார். எல்லாம் முடிந்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கோயிலுக்குப் போகிறார் என்று நினைத்தேன்.

பின்னேரம் நான் அச்சகத்துக்குப் போனேன். அம்மாவின் பெயரைத் தவிர மற்றப் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம், யாருக்கும் யாரும் உறவில்லை என்று இருக்கட்டும் என்று அவ்வளவு கசப்போடு படியேறினேன். புரூவ் என் மேசைக்கு இடம் மாறியிருந்தது.

கனடாவின் மேல் குறுக்காக ஒரு கோடு. கீழே, முதலில் வெட்டிய கானாவுக்கு அடியில் இரண்டு சிவப்புப் புள்ளி. எழுத்துக்கு ஒன்றாக, அளந்து வைத்ததுபோல. ஓரத்தில் அவர் கையெழுத்து.

இருக்கட்டும்.

அந்தத் தாளை நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன். அன்றைக்கு அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. டொலறஸுக்குப் போன் எடுத்து, கானா என்றே போகிறது என்று மட்டும் சொன்னேன். அப்பா பார்த்தவரோ என்று கேட்டாள். பார்த்தவர் என்றேன். அதன் பிறகுதான் அவள் அழுதாள்.

செவ்வாய்க்கிழமை முன் வாங்கில் நான், யேசுரட்ணம், டொலறஸ், இம்மானுவேல். வாங்கின் ஓரத்தில் அப்பா. அவரும் இம்மானுவேலும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தபோது இம்மானுவேல் தயங்கி நின்றார். முன்பக்கத்து இடம் ஒன்று வெறுமையாக இருந்தது. அப்பா கையால் அந்த இடத்தைக் காட்டினார். அவ்வளவுதான். இம்மானுவேல் குனிந்து தோள் கொடுத்தார். ஆறு வருடமாக அம்மாவுக்குக் கிழங்குப் பை தூக்கிக்கொடுத்தவர்.

கோயில் வாசலில் சனம் கூடி நின்றது. இராஜேந்திரன் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தார். கெட்ட மனிதரல்ல, பெரிய உபகாரம் செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டு வந்தார். குரலைத் தாழ்த்தினாலும் பத்துப் பேருக்குக் கேட்டது.

"மாஸ்ரர், உங்களிட்டைப் பிழையே வராதெண்டு நினைச்சன். கனடாவிலை ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

பத்துப் பேரும் தத்தம் நோட்டீஸைப் பார்த்தார்கள். டொலறஸின் விரல் என் கையை நசுக்கியது. ஓம் தம்பி, கண் தெரியவில்லை என்று அப்பா சொல்லிவிட்டால் அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடும். அந்த வயதில், அந்த நாளில், யாரும் நம்பியிருப்பார்கள்.

அப்பா நோட்டீஸை வாங்கினார். கண்ணாடியைப் போட்டார். அம்மாவின் பெயரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரியாக, புரூவ் பார்ப்பதுபோலவே வாசித்துக்கொண்டு வந்தார். நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டு நின்றோம். முடிவில் தலையை நிமிர்த்தி, மூன்றடி தள்ளிக் குடையோடு நின்றவரைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"இம்மானுவேல்."

அப்பாவின் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இம்மானுவேல் கிட்ட வந்ததும் அப்பா அவருடைய தோளில் கையை வைத்துக்கொண்டு, நோட்டீஸை இராஜேந்திரனிடம் திருப்பிக் கொடுத்தார்.

"பிழை இல்லைத் தம்பி. புரூவ் பாத்தது நான்."