அகஸ்டாவின் மூக்கு

"மூக்கு?"

சுக்கான் அறையிலிருந்து கேப்டன் லொரெய்ன் கத்தினாள். மேல்தளத்தில் பிராந்திக் கோப்பையோடு நின்ற விருந்தாளிகளும் சேர்ந்து கத்தினார்கள். "மூக்கு?"

கீழே எஞ்சின் அறையில் டெல்மர் முழங்காலிட்டுத் தரைப்பலகையைத் தூக்கினான். படகின் அடிக்குழிக்குள் கழுத்துவரை தலையை விட்டு ஆழமாக ஒரு மூச்சு இழுத்தான்.

ஒன்றும் தெரியவில்லை. குளிர்காலத்துக் காய்ச்சலோடு போன மோப்பம் இன்னும் திரும்பவில்லை. காப்பி, டீசல், செத்த மீன், மனைவியின் தலைமுடி, எல்லாம் அவனுக்கு வெறும் காற்றுதான்.

தலையை வெளியே எடுத்துப் படிக்கு மேலே பார்த்தான். அங்கேதான் சமையலறை. படகின் சமையல்காரி பெவ் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாய் மூக்கு. ஒரு சொட்டுப் பெட்ரோல் சிந்தினாலும் முகம் கோணிவிடும், வாயில் வசவு வரும். பலகையைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு டெல்மர் அவள் முகத்தையே கவனித்தான். அவள் பாட்டுக்கு நறுக்கினாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"சுத்தம்!" என்று கத்தினான்.

மேலே கைதட்டல். லொரெய்ன் பொத்தானை அமுக்கினாள். எஞ்சின் ரெண்டு தும்மல் போட்டுப் பிடித்துக்கொண்டது. அகஸ்டா துறையை விட்டு நகர்ந்தது.

மில்வாக்கி ஊர்ப் பீர் ஆலை முதலாளி ஒருவர் ஒரு காலத்தில் தன் பெண்டாட்டி பேரில் கட்டிய படகு அது. தேக்கும் பித்தளையும் பார்க்கத்தான் ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். எஞ்சினும் அந்தக் காலத்துப் பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, அடிக்குழியில் இறங்கிப் பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கும். ஒரு பொறி போதும். எதிர்க்கரையில் அப்படி ஒரு படகு ஆளோடு வெடித்ததை லொரெய்னின் அப்பா கண்ணால் பார்த்தவர். அன்றைக்குப் போட்ட சட்டம்தான் இது. ஒருவன் குனிந்து மோந்து பார்த்து வாய்விட்டுச் சொல்லாமல் பொத்தானில் கை வைக்கக் கூடாது. இடையில் ஒரு மின்கருவியும் வாங்கி மாட்டினார்கள். அது வார்னிஷுக்கும் அலறியது, பெண்களின் சென்டுக்கும் அலறியது. லொரெய்ன் அதைக் கழற்றி ஒரு டிராயரில் போட்டுவிட்டாள். மூக்கு இருக்கும்போது கருவி எதற்கு என்றாள். விருந்தாளிகளுக்கும் மூக்கு விளையாட்டுதான் பிடித்திருந்தது.

அந்த மூக்கு டெல்மரின் மூக்கு. அவன் வேலை பார்த்த காகித ஆலை மூடியபோது, இந்த வயதில் இவனை யார் எடுப்பார்கள் என்று ஊரே பேசியது. லொரெய்ன் எடுத்தாள். மூக்கு போய்விட்டது என்று தெரிந்தால் அவனுக்கு அகஸ்டாவில் வேலை இல்லை. அதனால் அவன் சொல்லவில்லை. பெவ்வின் முகத்தை வைத்து இந்த சீசனை ஓட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு அது தெரியாது.

ஏரி நடுவுக்குப் போகிற வழியில் பெவ் படியில் எட்டிப் பார்த்தாள்.

"யோவ் டெல்மர், இங்க வந்து வெங்காயம் கருகுதான்னு மோந்து சொல்லேன்."

"உனக்கு என்ன வந்துச்சு?"

"நேத்துலேருந்து ஜலதோஷம்யா. மூக்கு சிமெண்டு வெச்சு அடைச்ச மாதிரி இருக்கு. செத்த எலியக் கொண்டாந்து மூஞ்சில தேச்சாலும் தெரியாது."

டெல்மர் படியில் பாதியிலேயே நின்றுவிட்டான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"என்னய்யா முழிக்கிற? கருகுதா இல்லியா?"

"இல்ல."

பெவ் சட்டியைத் திரும்பிப் பார்த்தாள். வெங்காயம் கரியாகியிருந்தது. "அடப்பாவி! என் மூக்குதான் போச்சுன்னு பாத்தா உனக்குக் கண்ணும் போச்சா?" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அவன் சிரிக்கவில்லை. அப்படியானால் துறையில் அவன் சொன்ன 'சுத்தம்' குருட்டுச் சுத்தம். அதுவும் இன்றைக்கு. காலையில்தான் பெட்ரோல் ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து, அந்தப் பழைய வாஷரையே திரும்பப் போட்டு முடுக்கியிருந்தான். புது வாஷர் டப்பாவில் இருந்தது. எடுக்கச் சோம்பல். மூக்கு இருந்த காலத்தில் அது பெரிய விஷயமில்லை. கசிந்தால் மூக்கே சொல்லிவிடும்.

எஞ்சின் ஓடுகிறவரை அதுவே காற்றை இழுத்துக் குடிக்கும். நிறுத்தினால்தான் வம்பு. ஏரி நடுவில் சூரியன் மலையைத் தொடும்போது லொரெய்ன் எஞ்சினை நிறுத்துவாள். சத்தமில்லாமல் மறைவதைப் பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள். பிறகு தீக்குச்சி உரசிப் பின்தளத்துப் பித்தளை விளக்கை ஏற்றுவாள். பிறகு "மூக்கு?" என்பாள்.

நிறுத்த வேண்டாம் என்று போய்ச் சொல்லலாம். ஏன் என்பாள். அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றது.

மேலே எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். நீர் பலகையில் தட்டுகிற சத்தம் மட்டும். தூரத்தில் ஒரு நீர்ப்பறவை அழுதது. டெல்மர் பலகையைத் தூக்கி, தலைக்குப் பதிலாகக் கையை விட்டான். ஃபில்டருக்கு அடியில் விரலை வைத்துத் தடவினான். ஈரம்.

ஏரித் தண்ணீராகவும் இருக்கலாம். மரப்படகில் அடியில் எப்போதும் ஈரம் உண்டு. விரலை வெளியே எடுத்து ஊதினான். விரல் நுனி ஐஸ் வைத்த மாதிரி சில்லிட்டது. அடுத்த நொடி காய்ந்து போனது. தண்ணீர் அப்படிக் காயாது.

மேலே தீப்பெட்டி குலுங்குகிற சத்தம் கேட்டது. படியில் ரெண்டு ரெண்டாகத் தாவினான்.

"தீக்குச்சி வேண்டாம்! லொரெய்ன், உரசாத!"

கரையில்தான் அவள் லொரெய்ன். படகில் அவன் எப்போதும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவான். அவள் குச்சியைப் பெட்டியின் ஓரத்தில் வைத்தபடியே நின்றாள்.

"என்ன?"

"வாடை வருது. பெட்ரோல்."

பொய் தானாக வந்தது. உடனே எல்லாம் நடந்தது. லொரெய்ன் குச்சியைத் தண்ணீரில் எறிந்தாள். பெவ் அடுப்பை அணைத்தாள். திருமண நாள் கொண்டாட வந்த கிழவர் ஹியூபர்ட் சுருட்டை வாயில் வைத்து லைட்டரைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஜாய்ஸ் சுருட்டைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டாள். "அம்பது வருஷமா சொல்றேன், கேட்டியா?" என்றாள். யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"எல்லாரும் முன்தளத்துக்குப் போங்க. அந்தப் பெஞ்சுக்குள்ள மிதவைச் சட்டை இருக்கு, ஆளுக்கு ஒண்ணு மாட்டிக்குங்க. ஒண்ணும் பயமில்ல. எங்க ஆளு மூக்கு பிடிச்சிருச்சு" என்றாள் லொரெய்ன். அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "நல்ல வேளைப்பா."

அந்தத் தட்டு அவனுக்கு அடி மாதிரி விழுந்தது.

கீழே போய் டேங்க் வால்வை மூடினான். கிண்ணத்தைக் கழற்றினான். வாஷர் ஓரத்தில் கிழிந்திருந்தது. புதியதைப் போட்டு முடுக்கினான். துணியை விட்டு அடியைத் துடைத்துத் துடைத்துப் பிழிந்தான். காற்றை வெளியே தள்ளுகிற ஃபேனைப் போட்டான். அது பொறி விடாத ஃபேன், அது ஒன்றுதான் ஆறுதல். ஃபேன் ஓடியது. அவன் வேர்த்துக் கொட்டியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இதற்குள் காற்று திரும்பிவிட்டது. சூரியன் போனதும் வடக்கிலிருந்து கிளம்புகிற காற்று. அகஸ்டாவைப் பக்கவாட்டில் பிடித்துத் தெற்கே தள்ளியது. தெற்கே தண்ணீருக்குச் சற்று மேலே தலை காட்டிக்கொண்டு பல்லுப்பாறை இருந்தது. நடு ஏரியில் நங்கூரம் போட்டுப் பயனில்லை. சங்கிலி தரையை எட்டாது.

இழுத்துப் போக ஒரு படகு கேட்டு லொரெய்ன் போனில் பேசுகிற குரல் கேட்டது. "எப்ப வருவ? அவ்வளவு நேரமா? இங்க பாறை வந்துடும்டா." போனை வைத்துவிட்டுப் படியில் குனிந்தாள். "டெல்மர், ஆச்சா?"

"மாத்திட்டேன்."

"அப்ப மோந்து சொல்லு. பாறைக்கு ரொம்பக் கிட்டப் போயிட்டோம். எஞ்சின் வேணும் எனக்கு."

முன்தளத்தில் யாரோ ஒரு பெண் அடக்கமுடியாமல் அழ ஆரம்பித்திருந்தாள்.

அவன் அடிக்குழியில் தலையை விட்டான். இழுத்தான். மறுபடி இழுத்தான். மூக்கு எரிகிற மாதிரிகூட இருந்தது, ஆனால் அது பயத்தில் எரிகிறதா பெட்ரோலில் எரிகிறதா என்று யார் சொல்வது? வாஷர் புதிது. துடைத்தாயிற்று. ஃபேன் ஓடியாயிற்று. கணக்குப்படி சுத்தம்தான். முன்பென்றால் இந்நேரம் கத்தியிருப்பான்.

"மூக்கு?" என்றாள் லொரெய்ன். இந்தத் தடவை யாரும் கூடக் கத்தவில்லை.

தலையை எடுத்துப் பெவ்வைத் தேடினான். பழக்கம். அவள் படியருகே மிதவைச் சட்டையோடு நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"டெல்மர்! சுத்தமா இல்லியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு!"

"தெரியாது."

"என்னது?"

"எனக்குத் தெரியாது லொரெய்ன். எனக்கு மூக்கு இல்ல. காய்ச்சல் வந்துதே, அப்பவே போயிடுச்சு. ஒண்ணும் தெரியாது எனக்கு."

அவள் புரியாதவள் போலப் பார்த்தாள். "இப்பத்தானே வாடை வருதுன்ன?"

"கையில பட்டுச்சு. விரல் சில்லுன்னுச்சு. அத வெச்சுச் சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி? துறையில? போன வாரம்? இந்த சீசன் பூரா?"

அவன் பெவ்வைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கைக்குட்டை மூக்கருகே அப்படியே நின்றது.

"என் மூஞ்சியப் பாத்தாய்யா சொன்ன? என் மூஞ்சியப் பாத்தா?"

 லொரெய்ன் அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு இறங்கினாள். முழங்காலிட்டு அடிக்குழிக்குள் தலையை விட்டாள். விட்ட வேகத்திலேயே வெளியே எடுத்தாள். கண்ணில் நீர் வந்திருந்தது.

"நெடி ஆளைத் தூக்குது" என்றாள். குரல் மிக மெதுவாக வந்தது. "குறுக்குச் சட்டத்துக்கு அந்தாண்ட தேங்கிக் கிடக்கு. நீ துடைச்சது இந்தாண்ட."

ஆக, அவன் 'சுத்தம்' என்று சொல்லியிருந்தால் இவள் அமுக்கியிருப்பாள். மூவரும் அதைத்தான் நினைத்தார்கள். 

"நங்கூரம்" என்றாள் லொரெய்ன். "பாறைகிட்ட ஆழம் கம்மி. அங்க பிடிச்சா உண்டு. பெவ், நீ முன்னாடி போய் ஆளுங்களைப் பாத்துக்க. டெல்மர், சங்கிலிக்கு வா. அதுக்கு மூக்கு வேண்டாம்."

பாறையில் அலை அறைகிற சத்தம் இப்போது நன்றாகக் கேட்டது. லொரெய்ன் கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை விட்டு ஆழம் பார்த்தாள். இல்லை. இல்லை. மறுபடி விட்டாள். "இப்ப!" டெல்மர் தாழ்ப்பாளை உதைத்தான். சங்கிலி அலறிக்கொண்டு ஓடியது. நங்கூரம் தரையில் விழுந்தது, ஆனால் பிடிக்கவில்லை, கல்லில் உராய்ந்து இழுபட்டது. அந்த அதிர்வு சங்கிலி வழியாக அவன் உள்ளங்கைக்கு வந்தது. உராய்ந்தது. தாவியது. மறுபடி உராய்ந்தது. ஹியூபர்ட் தன் மனைவியின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

பிடித்தது. அகஸ்டா ஒரு குலுக்கு குலுங்கி மூக்கைக் காற்றுக்குத் திருப்பிக்கொண்டு நின்றது. பின்தளத்திலிருந்து ஒரு பீர் கேனை எறிந்தால் பாறையில் விழும். அவ்வளவுதான் இடைவெளி.

டெல்மர் சங்கிலியை விடவில்லை. விடு என்று யாரும் சொல்லவுமில்லை. இழுத்துக்கொண்டு போக வந்தது ஒரு பார்ட்டிப் படகு. தகரத் தளம், பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்பீக்கரில் பாட்டு. "என்ன லொரெய்ன், உன் ராணியம்மாவுக்கு நடக்க முடியலியா?" என்று ஓட்டி வந்தவன் கத்தினான். "பாட்ட நிறுத்து. சிகரெட்டத் தண்ணில போடு. அப்புறமா கயித்தப் பிடி" என்றாள் அவள்.

திரும்புகிற வழியெல்லாம் எஞ்சின் அறைக் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். லொரெய்ன் சுக்கானைப் பிடித்தபடி, அவன் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"பனிக்காலத்துலயே வந்து சொல்லியிருந்தா உனக்குக் கயிறு வேலை கொடுத்திருப்பேன். டிக்கெட் கிழிக்கிற வேலை கொடுத்திருப்பேன். ஏதோ ஒண்ணு."

"கொடுத்திருப்பியா?"

அவள் சுக்கானைச் சற்றே திருப்பினாள். "தெரியல" என்றாள். பிறகு, "இப்ப முடியாது. சாவியக் குடுத்துட்டுப் போயிடு. அந்தக் கருவிய நாளைக்கு நானே மாட்டறேன். கத்தினா கத்திட்டுப் போவட்டும்."

துறையில் அவன் எப்போதும் போலக் கீழே நின்று ஆட்களுக்குக் கைகொடுத்து இறக்கினான். பெவ் அவன் நீட்டிய கையைத் தொடாமல் தானே குதித்து இறங்கினாள். நாலடி போய்த் திரும்பினாள். ஏதோ திட்ட வாயெடுத்து, தும்மி, திட்டாமலே போனாள்.

கடைசியாக ஹியூபர்ட். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. டெல்மரின் கையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "உன் மூக்கு மட்டும் இல்லேன்னா நாங்க இன்னைக்கு..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. முகம் சுளித்தது. பிடித்த கையை விட்டு, தன் விரல்களை மோந்து பார்த்தார்.

"யப்பா! என்னப்பா இப்படி நாறுது பெட்ரோலு! நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வீட்டுக்குப் போ. அடுப்புகிட்டப் போயிடாத."

மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் போய்விட்டார். டெல்மர் சாவியைச் சுக்கான் அறைப் படியில் வைத்தான். துறை விளக்கடியில் நின்று ரெண்டு உள்ளங்கையையும் முகத்தில் வைத்து, நெஞ்சு முட்ட இழுத்துப் பார்த்தான். வெறும் காற்றுதான்.

பிறகு கைகளை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குழாய் இருக்கிற பக்கம் நடந்தான்.